பன்றிக்கு வேலி, பட்டாவுக்கு மானியம்

கேள்வி: காட்டுப்பன்றி கரும்பை ஒரு கை பார்க்கிறது. சூரிய மின்வேலிக்கு அரசு மானியம் தருகிறதாமே, நம்பலாமா சார்?
(ஒரு விவசாயி, திருவாலங்காடு)

பதில்: ஊர்ப் பெயரிலேயே காட்டை வைத்துக்கொண்டால் பன்றி சும்மா இருக்குமா? சர்க்கரை ஆலையும் பக்கத்திலேயே. பன்றிக்கும் அந்த வாசனை தெரியாதா என்ன!

நம்பலாம். வேளாண்மைப் பொறியியல் துறை இத்திட்டத்தில் 5, 7, 10 வரிசைக் கம்பி வேலிகளுக்கு மானியம் தந்திருக்கிறது. இந்த ஆண்டு எத்தனை சதவீதம், நிதி மிச்சமிருக்கிறதா என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சிட்டா, அடங்கலோடு போங்கள். வெறுங்கையோடு போனால் வேலிக்கு முன்னால் நீங்கள்தான் அலைவீர்கள்.

இந்த வேலியில் மின்சாரம் துடிப்பு துடிப்பாகத்தான் வரும். பன்றி மூக்கை நீட்டினால் 'சுரீர்' என்று ஓர் அடி, ஓடிவிடும், சாகாது. பன்றி தாண்டுவதைவிட நோண்டி நுழைவதில் கெட்டி. அதனால் கடைசிக் கம்பி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அடியின் வேகம் குறையும். ஆக, களை பிடுங்க ஆள் கூலி உங்கள் கணக்கு. அதற்கு மானியம் இல்லை!

வீட்டு லைனிலிருந்து கொக்கி மட்டும் போடாதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளியில் அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் செத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகளும் வந்துவிட்டன.

கேள்வி: பழைய சேலை கட்டினால் போதாதா?

பதில்: முதல் வாரம் பயப்படும். அப்புறம் பார்டர் நல்லா இருக்கா என்று பார்த்துவிட்டு உள்ளே போகும்.