செயலாளர் மருமகனுக்கு

வா மருமகன், இரி. உன்னை விவசாயிகள் சங்கத்துச் செயலாளராக்கிப் போட்டாங்களாமே! வட்டை முழுக்க இதுதான் கதை. மாலையைக் கழட்டிப்போட்டுத் தண்ணி குடி.

கடிதத்தாள் அடிச்சாச்சா? றப்பர் முத்திரை? முத்திரை இல்லாட்டி ஒப்பத்துக்கு மரியாதை இல்ல பாரு. மறுகா ஒரு பெனர். "நெல்லுக்கு நியாய விலை வேணும்" எண்டு கல்லடிப் பாலத்தில நிக்கிறவனுக்கும் தெரியிற எழுத்தில. மந்திரி வந்தா பொன்னாடை. படத்தில நீ அவருக்கு வலப்பக்கம் நிக்கணும், இடப்பக்கம் நிண்டா பத்திரிகைக்காரன் வெட்டிப்போடுவான். இவ்வளவும் செஞ்சாச்செண்டா சங்கத்தின்ட வருஷ வேலை முடிஞ்சுது.

கோவிக்காத. அந்தப் பெனரை எப்ப கட்டுவீங்க? வெட்டு முடிஞ்சு, கடன்காரன் படலையில வந்து நிக்கிற நேரம்தானே? 2025ல நடந்ததைப் பாரு. தை மாசமே கிழக்கில வெட்டுத் துவங்கிற்று. அரசாங்கம் உத்தரவாத விலையைச் சொன்னது பெப்ரவரி 5ஆம் திகதி. கிலோவுக்கு நாட்டு நெல்லு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை நல்லதோ கெட்டதோ, அது வேற கதை. முந்தி வெட்டி ஈரத்தோட வித்தவனுக்கு அது என்னத்துக்கு? நெல்லு லொறியில ஏறிப் பொலன்னறுவைக்கு ஓடிருது. விலை மட்டும் குருமண்வெளிப் பாதைப் படகில ஏறி, ஆடி அசைஞ்சு வாவியைக் கடந்து வருகுது.

அந்த விலையும் நல்லாக் காஞ்ச நெல்லுக்குத்தான். நெல் சந்தைப்படுத்தும் சபையின்ட கணக்கு 14 வீத ஈரப்பதம். மெசின் வெட்டித் தள்ளுற நெல்லைக் காயப்போட எத்தனை பேரிட்ட களம் இரிக்கு? "விலையைக் கூட்டு" எண்டு கத்துற சங்கம், "காயப்போட ஒரு தளம் கட்டித் தா" எண்டு கேட்டு ஆரும் கேள்விப்பட்டிரிக்கிறீங்களா? தளத்துக்குப் பக்கத்தில நிண்டா படம் அழகா வராது, அதால போல.

பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைக்காரரைப் பாரு. பெனர் கட்டினதை ஆரும் கண்டதில்ல. விரல்விட்டு எண்ணுற ஆக்கள். கூட்டம் போட மண்டபம் வேணாம், ஒரு தேத்தண்ணி மேசை காணும். நாம ஆயிரக்கணக்கில இரிக்கிறம், ஒரு திகதியைச் சொல்ல ஒரு வாய் இல்ல.

இன்னொண்டு கேளு. 2021 மே மாசம் 6ஆம் திகதி வர்த்தமானியில ரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டினாங்க. நாடு முழுக்க உருவப்பொம்மை எரிஞ்சுது. தடை முதல்ல ஆருக்குத் தளர்ந்த? தேயிலைக்கு, ஒக்டோபரில. நெல்லுக்காரன் நவம்பர் 24 மட்டும் பாத்திரிந்தான். அதுக்குள்ள நம்மட வட்டைகளில பெரும்போகம் விதைச்சுப் பயிரும் முளைச்சிற்று. தேயிலை டொலர் கொண்டு வருகுதெண்டு நீ சொல்லுவாய். ஓம், அது பெரிய காரணம்தான். ஆனா தோட்டத்துரைமாருக்குச் சங்கம் கண்டியில 1854ல உண்டானது. இலங்கை வர்த்தக சம்மேளனம் அதுக்கும் முந்தி, 1839. வெள்ளைக்காரன் காலத்தில இருந்தே அவங்களுக்கு ஒரு பழக்கம் இரிக்கு: கடிதத்தில கோவம் இரிக்காது, கணக்கு இரிக்கும். வரவுசெலவுத் திட்டம் நவம்பரில எண்டா, அவங்கட முன்மொழிவு அதுக்கு எவ்வளவோ முந்தி மேசையில கிடக்கும். நம்மட கடிதத்தில "வயிறு எரியுது" எண்டு இரிக்கும். ஏக்கருக்கு உழவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வெட்டுக்கூலி எவ்வளவு எண்டு ஒரு வரி இரிக்காது.

நமக்கு இடம் இல்லையெண்டு சொல்லாத. ஆரம்பக் கூட்டம் இரிக்கே! உன்னிச்சைக் குளத்தில எப்ப கதவு திறக்கிற, எப்ப விதைக்கிற, மாட்டை எப்ப வட்டைக்கு வெளியில கொண்டு போற எண்டு அரசாங்க அதிபரை முன்னால வச்சுக்கொண்டு நாமதானே தீர்மானிக்கிறம்? அங்க ஒத்துக்கொண்ட திகதியை மீறினா சட்டம் பாயும். வட்டைவிதானையைக் கேட்டுப் பாரு. விதைக்கிற திகதி தெரிஞ்சா வெட்டுற திகதி தெரியாதா? அந்தக் கூட்டக்குறிப்பில ஏக்கர்ச் செலவையும் போட்டு, "விலை இந்தத் திகதிக்கு முந்தி வரணும்" எண்டு எழுதி வை. அந்தக் கூட்டத்தில ஒரு சத்தமும் போடாம சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்திட்டு, மாசியில றோட்டை மறிக்கிறீங்க. மறிபடுறதும் நம்மட நெல்லு லொறிதான்.

ஓ, உங்கட தலைவருக்கு ஒரு சின்ன ஆலை இரிக்கெண்டு கேள்வி. நல்ல மனுசன், சங்கத்துக்குக் கதிரை எல்லாம் வாங்கித் தந்தவர். நெல்லு விலை கூடினா அவருக்கு லாபமா நட்டமா எண்டு நான் கேக்கல்ல, நீயும் கேக்காத. கடிதத்தை எழுதி, முதல் ஒப்பத்துக்கு அவரிட்ட நீட்டு. பேனையைத் தேடுறார் எண்டா, உன்ட பேனையைக் குடு. கண்ணாடியைத் தேடுறார் எண்டா மறுகா இஞ்ச வா, அடுத்த தலைவரை ஆராக்கலாமெண்டு கதைப்பம்.