ரயில்வே வாரியத்துக்கு முழங்கால்கள் சார்பில் ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய ரயில்வே வாரியத்தாருக்கு,

மனித மூட்டுக்கு வயதாகும் என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டவர்கள் நீங்கள். 45 வயதான பெண்ணுக்கும் 60 வயதான ஆணுக்கும் கேட்காமலேயே கீழ்ப்படுக்கை ஒதுக்கும்படி கணினிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். (காலியாக இருந்தால்தான், நிபந்தனையில்லாத கருணை அரசுக்கு அழகல்லவே.) அந்தப் படுக்கையை அடைய அதே பெண் முதலில் பெட்டிக்குள் ஏறியாக வேண்டும் என்பது மட்டும் கோப்பில் விட்டுப்போயிற்று. உங்கள் அளவுப்படி உயரமான நடைமேடையே தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். பெட்டியின் தரை அதற்கும் ஓரடிக்கு மேலே நிற்கிறது. தண்டவாள மட்டத்திலேயே நடைமேடை கிடக்கும் சிற்றூர்களில் ஏறுவதற்குப் பயணச்சீட்டோடு மலையேற்றப் பயிற்சியும் வேண்டும்.

மூட்டுகள் மிகைப்படுத்துகின்றன என்று நினைக்க வேண்டாம். பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை முழங்காலுக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடந்தால் முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, படியேறினால் 3.2, இறங்கினால் 3.5. அறுபது கிலோ ஆளின் ஒற்றை முழங்கால் சாதாரணப் படியில் இறங்கும்போதே 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. உங்கள் படியோ சாதாரணமானதல்ல. இடுப்பில் தொடையெலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. முழங்காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓர் எலும்பின்மேல் இன்னோர் எலும்பு, இடையே குருத்தெலும்பு, கட்டிப்போடத் தசைநார்கள், அவ்வளவே. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, தேய்ந்தது எளிதில் திரும்பாது. தண்டவாளம் தேய்ந்தால் மாற்ற உங்களிடம் ஆள் இருக்கிறது. போதாக்குறைக்கு, பல நிலையங்களில் நகரும் படி மேலே மட்டுமே போகிறது. அதிகச் சுமையான இறக்கத்தை முழங்காலிடமே விட்டிருக்கிறீர்கள்.

நடைமேடையை உயர்த்தினால் அதே தடத்தில் வரும் சரக்கு வண்டி உரசும் என்பீர்கள். நியாயமான பதில்தான். ஆனால் பெட்டியின் வாசலில் அகலமான, தாழ இறங்கும் மடிப்புப் படி வைக்கவும், அது வண்டி கிளம்புமுன் உள்ளே போகவும் சரக்கு வண்டியின் சம்மதம் வேண்டுமா? மின்தூக்கி இருக்கிறதே என்றால், அது நடைமேடையோடு நின்றுவிடுகிறது. வயதானவர்கள் ஏன் அலைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதமாக இருந்த மூத்தோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தி நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். மூட்டு மருத்துவர்களும் இத்தனை ஓய்வு கேட்டதில்லை.

மடிப்புப் படிக்கு நிதி வரும்வரை ஒரு சிறு உதவி: பயணச்சீட்டில் பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில், அந்த நிலையத்தில் ஏற வேண்டிய உயரத்தையும் மில்லிமீட்டரில் அச்சிடுங்கள். எந்தக் காலை முதலில் வைப்பது என்பதை வீட்டிலேயே கலந்து பேசிவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
தேய்மானக் கணக்கில் சேராத மூட்டுகள்