பனைக்குப் போர்வை: ஒரு பன்முக நோக்கு

ஆய்வுக் களம்: ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, ஜெர்மானிய வீட்டுத் தோட்டங்கள். காலம்: நவம்பர் முதல் மார்ச் வரை. ஆய்வுப் பொருள்: டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சுனி என்னும் சீன விசிறிப்பனையும், கையில் போர்வையோடு அதைச் சுற்றிவரும் அதன் உரிமையாளரும். இருவரில் யாருக்குக் குளிர்கிறது என்பதே ஆய்வுச் சிக்கல்.

மரபுப்படி முதலில் தொல்காப்பியம். அது இடம்பெறாத ஏட்டில், பொருள் சோலார் பம்பாகவே இருந்தாலும், புறத்தேர்வாளர் கையெழுத்திடுவதில்லை. நல்லவேளையாக இங்கே தொல்காப்பியரை இழுத்துவர வேண்டியதில்லை. தாமே வந்து நிற்கிறார். வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்று மரபியலில் வகுத்தவர் அவர். அந்தக் கணக்கில் பனை புல். தாவரவியலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலை என்று ஒரே பந்தியில்தான் உட்காரவைக்கிறார்கள். ஆகவே மியூனிக்கில் ஒருவர் டிசம்பர் மாதத்தில் ஏணி போட்டு ஏறிப் போர்த்துவது, இலக்கணப்படி, ஒரு புல்லை. லின்னேயஸோ பனைகளை இளவரசர்கள் என்றார். புல்லா, இளவரசனா என்ற தலைப்பில் பையும் மதிய உணவும் கொடுத்து இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு ஒன்றை நடத்திவிடலாம்.

வரலாற்றுப் பின்புலம். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849-இல் இந்தப் பனையைச் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். சீனத் தேயிலைச் செடிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியாவுக்குக் கடத்தியவரும் இவரே. மரத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த மரத்தின் தண்டு முழுவதும் பழுப்பு நாரால் மூடியிருக்கும். சீன உழவர்கள் அந்த நாரை உரித்துக் கயிறு திரித்தார்கள், மழைக்கோட்டும் பின்னிப் போட்டுக்கொண்டார்கள். மனிதனுக்குக் கோட்டு கொடுத்த மரத்துக்கு ஜெர்மனியில் மனிதன் கோட்டு மாட்டுகிறான். நன்றிக்கடன் என்ற கோணத்தில் இதை அணுகும் ஆய்வேடு இன்னும் வரவில்லை. வரும்.

பாதுகாப்பு முறைகள் ஐவகைப்படும்.

ஒன்று, அரச முறை. வெர்சாய் அரண்மனையில் பெட்டிகளில் வளரும் ஆரஞ்சு, பனை மரங்களை அக்டோபரில் உள்ளே தள்ளி, மே மாதத்தில் வெளியே எடுப்பார்கள். 1684 தொடங்கி 1686 வரை இதற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். வாசகரிடம் அரண்மனை இருந்தால் இம்முறையே சிறந்தது.

இரண்டு, சருகு முறை. அடிமரத்தைச் சுற்றி இலைச்சருகைத் தடிமனாகக் கொட்டுவது. பலன் தருகிறது, ஆகவே எழுத ஒன்றுமில்லை.

மூன்று, பிளாஸ்டிக் சுற்றுதல். வேண்டாம். பகலில் உள்ளே வியர்த்து, இரவில் அது உறையும்.

நான்கு, கட்டு முறை. ஓலைகளை மேல்நோக்கிக் கூட்டிக் கயிற்றால் கட்டுவது. எந்த முடிச்சு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (காண்க: இக்கட்டுரையாளரின் எழுதப்படாத நூல் ‘முடிச்சும் முக்தியும்’, முதல் தொகுதி, பின்னட்டை).

ஐந்து, ஒளி முறை. இதை விரித்தே ஆகவேண்டும். போர்வை எந்த உயிருக்கும் சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவே. மனிதன் 37 டிகிரியைத் தன்னோடு கொண்டுவருகிறான். பனை எதையும் கொண்டுவருவதில்லை. அதனால் போர்வைக்குள் வெப்பம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். நம் கோயில் திருவிழாவில் தொங்குகிற அதே சீரியல் செட்டை ஓலைகளுக்கிடையே சுற்றினார்கள். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கும். அந்த வீண்தான் பனைக்கு வாழ்வாக இருந்தது. 2009 முதல் 2012 வரை ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் குண்டு பல்புகளைப் படிப்படியாக விலக்கியது. அலங்கார விளக்குகளும் எல்.இ.டி.க்கு மாறின. மின்சாரம் மிச்சமானது, சூடு போனது. இப்போது பனை விறைத்தபடியே ஜொலிக்கிறது.

இதிலிருந்து இரு பள்ளிகள் பிறந்தன. குண்டு பல்புப் பள்ளியினர் பழைய சரங்களைப் பரணில் பதுக்கி வைத்திருப்பவர்கள் (மேற்படி நூல், இரண்டாம் தொகுதி, செல்லரித்த பக்கங்கள்). எல்.இ.டி. பள்ளியினர் விளக்கு எரிகிறது, ஆகவே காப்பாற்றுகிறது என்று தர்க்கம் செய்பவர்கள். பல்கலைக்கழகங்களில் இவர்களே அதிகம். தீவிரப் பிரிவினர் சுற்றிலும் வைக்கோலைத் திணித்து நடுவில் சூடான பல்பைச் செருகுகிறார்கள். அதன்பிறகு குளிர் ஒரு பிரச்சினையே அல்ல (மேற்படிக்கு மேற்படி, ஐந்தாம் தொகுதி, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு. இத்தொகுதியை எழுதும் எண்ணம் ஆசிரியருக்குக் கிடையாது, ஆனாலும் இதைப் படித்ததாகச் சொல்லி மேற்கோள் காட்டிய ஆய்வேடுகளுக்குப் பட்டம் வழங்கப்பட்டுவிட்டது).

இத்தனைக்கும் நடுவே மரத்தின் கட்சியையும் கேட்கலாம். நன்றாக வேர்பிடித்த சீனப்பனை மைனஸ் 15 டிகிரி அளவு வரை தாக்குப்பிடிக்கும். இளங்கன்றும் தொட்டியில் நிற்பதும்தான் நோஞ்சான்கள்; தொட்டியில் குளிர் நேரே வேருக்குப் போய்விடும். பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று, உச்சியிலுள்ள குருத்து. அதில் மழையும் பனிநீரும் தேங்கி உறைந்தால் திசு செத்து, பின்னாலேயே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன. வசந்தத்தில் குருத்தோலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரருக்கு இதில் அதிசயம் இல்லை. அவருக்கு இது மழைக்காலத்தில் வரும் குருத்தழுகல். மருந்தும் ஏறக்குறைய அதே தாமிர மருந்துதான். ஆகக் குருத்துக்கு மேல் மழை இறங்காமல் ஒரு மறைப்பு, மிகக் கடுமையான இரவுகளில் காற்றுப் புகும் துணி, குளிர் தணிந்ததும் அதைக் கழற்றிவிடுவது. வேலை இவ்வளவுதான். நான்கு வரியில் முடிகிற செய்திக்கு எந்த நெறியாளரும் ஒப்புதல் தரமாட்டார் என்பதால் மேற்கண்ட ஐவகை தேவைப்பட்டது.

களப்பணி விடுபட்டதாகக் குறை வரக்கூடாது என்பதற்காக ஒரு பின்னிணைப்பு. ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கே இறங்கினால் சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலம். அங்கே இதே பனைக்குப் போர்வையும் இல்லை, பல்பும் இல்லை. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போட, அது தானே முளைத்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. ஆள் வைத்துப் பிடுங்குகிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் சுவிட்சர்லாந்தில் இந்தப் பனையை விற்கவோ, பரிசாகக் கொடுக்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது.