வேற்றுக்கிரகத்தாருக்கு பவுடர் எதற்கு?

1963இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமியில் இறங்குகிறார்கள். தங்கள் ஊருக்கு இசை சொல்லித்தர ஆள் வேண்டுமென்று பானுமதியைக் கடத்துகிறார்கள். (மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் இறங்கியிருக்கலாம். கடத்தவே வேண்டியிருக்காது, சான்ஸ் கேட்டு பாடகர்கள் தாங்களாகவே ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.) கடத்த வந்தவர் நம்பியார். பச்சைத் தோல் இல்லை, கூர்க்காது இல்லை. நம்பியார் முழியே போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும். தமிழும் சுத்தமாகப் பேசுகிறார்.

அமெரிக்கர்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 1967இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் வேற்றுக்கிரகப் பகைவர்களான கிளிங்கான்களாக நடித்த வெள்ளை நடிகர்களின் முகத்தில் பழுப்புச் சாயம் பூசினார்கள். அதே வருடம் அதே தொடரில் கான் நூனியன் சிங் என்ற இந்தியராக வந்தவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மோன்டல்பான். 2013இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ படத்தில் அதே சிங், லண்டன்காரர் பெனடிக்ட் கம்பர்பேட்ச்!

சிரிக்க வேண்டாம். 2007இல் ‘சிவாஜி’ படத்தின் ஒரு பாட்டுக்காக ரஜினிக்கே கிராபிக்ஸில் வெள்ளைக்காரத் தோல் போர்த்தினோம். வேறு கிரகத்து ஆள் தமிழனாவதற்கு பவுடர்கூட வேண்டாம். தமிழன் சிவப்பாவதற்குத்தான் இத்தனை செலவு. 2024இல் வந்த ‘அயலான்’ ஏலியனுக்குக் குரல் சித்தார்த், முகம் கம்ப்யூட்டர். கோடம்பாக்கத்தில் சிவப்புத் தோல் கேட்காத ஒரே வேடம் அதுதான்.