தங்க மங்கை பட்டம் யாருக்கு?

கேள்வி: ஊக்கமருந்தில் சிக்கியவர்களை இன்னமும் ‘தங்க மங்கை’ என்று கொண்டாடலாமா?
– ஒரு வாசகி, ராஜபாளையம்.

பதில்: திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவைத்தானே கேட்கிறீர்கள்? 2019 ஏப்ரல், தோஹா ஆசியத் தடகளம், 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 விநாடி, தங்கம். பரிசுத்தொகை அறிவிக்கக் கட்சிகள் ஓடிய வேகத்துக்குத்தான் யாரும் சோதனை வைக்கவில்லை! பிறகு நாண்ட்ரோலோன் வகை மருந்தின் தடயம் சிக்கி, பதக்கம் போனது, நான்காண்டுத் தடை. தடைசெய்யப்பட்ட எதையும் தொட்டதே இல்லை என்றார். எடுபடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. மார்ச்சிலேயே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் மருந்து இருந்தது. முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் தோஹாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கினாலும் ருசி பார்த்த பிறகுதானே பொட்டலம் கட்டச் சொல்கிறோம்?

பட்டம் வேண்டாம். வறுமையிலிருந்து ஓடி வந்தவர் என்ற மரியாதை இருக்கட்டும். ஆனால் அன்று மேடை உச்சியில் நின்றிருக்க வேண்டியவர், இரண்டாவதாக வந்த சீனத்து வாங் சுன்யூ. ராஜபாளையத்தில் யாராவது அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தால் சொல்லுங்கள். என் பங்கு நூறு ரூபாய்.