கோடை தவறிய ஊரிலிருந்து ஒரு கடிதம்

ஜெனீவா,
ஜூன் மாதம்.

அன்புமிக்க சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

அக்கினி நட்சத்திரம் கழிந்த பின்னும் அருப்புக்கோட்டையில் வெயில் தணியவில்லை என்றும், தறிக்குழிக்குள் காலை வைத்தால்தான் சற்றே குளிர்ச்சி என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கோ சூரியன் தலைகாட்டும் நாளெல்லாம் திருநாள். நம் கரிசல்காட்டுக் களத்தில் மிளகாய் வற்றல் காய்வதுபோல, ஏரிக்கரைப் புல்வெளியில் ஸ்திரீ புருஷ பேதமின்றி ஜனங்கள் புரண்டு புரண்டு காய்கிறார்கள். அந்த ஆனந்தத்தின் உச்சமாக, மாலையில் எங்கள் குடியிருப்புவாசிகள் ஒன்றுகூடிப் பேய்க்கதை வாசிக்கிறார்கள்.

கோடையைக் கொண்டாடப் பேயை அழைப்பானேன் என்று கேட்பீர்கள். அதற்கொரு பழைய கதை உண்டு. 1815 ஏப்ரலில் கிழக்கிந்தியத் தீவுகளில் ஒன்றான சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் கந்தகப் புகை வான்மண்டலமெங்கும் பரவிச் சூரிய கிரணங்களை மறைத்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வராமற் போயிற்று. அந்த 1816 ஜூனில், இவ்வூரை அடுத்த கொலோஞி கிராமத்தில் வில்லா தியோதாதி என்னும் மாளிகையில் தங்கியிருந்த பைரன் பிரபு, ஓயாத மழையில் அடைபட்டு, ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் நண்பர்களோடு வாசித்துப் பொழுது போக்கியபின், ஆளுக்கொரு பேய்க்கதை எழுத வேண்டுமென்று பிரேரணை செய்தார். பைரனும் அவர் நண்பர் ஷெல்லியும் மகாகவிகள். ஆதலால் தொடங்கியதை முடிக்கவில்லை. பைரனின் வைத்தியர் பொலிதோரி எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை 1819-இல் பைரன் பெயரிலேயே அச்சேறிற்று. ஷெல்லியின் துணைவியான 18 வயது மேரியோ, பிணங்களிலிருந்து எடுத்த உறுப்புக்களைக் கூட்டி உயிரூட்டும் ஜெனீவாக்காரன் ஒருவனைக் கற்பனை செய்து, 1818-இல் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பெயர் போடாமலே வெளியிட்டார். விஞ்ஞானக் கதைக்கு அதுவே ஆதி நூல் என்பார் பலர்.

அந்தப் பூதத்துக்கு இங்கே பிளேன்பாலே மைதானத்தில் 2014-இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். நம் கருப்பசாமிக்குள்ள அரிவாளும் குதிரையும் அதற்கு இல்லை; கந்தலோடு நிற்கிறது; கிடாயும் கேட்பதில்லை. நாவலில் அது மில்டனையும் புளூடார்க்கையும் வாசித்துவிட்டுத் தன்னைப் படைத்தவனிடம் நெடுநேரம் நியாயம் கேட்கிறது. 1931-இல் ஹாலிவுட்டார்தாம் அதை ஊமையாக்கினார்கள். முருங்கைமரத்து வேதாளம் இதைக் கேள்விப்பட்டால் மனம் நொந்து போகும்.

சென்ற வாரம் நம் தேசத்துப் பேயொன்றைச் சொல்லும்படி என்னை வற்புறுத்தினார்கள். திருச்சுழிக் குண்டாற்று மணலில் உச்சிவேளையில் நடமாடும் முனியைத் தாங்கள் சொன்னபடியே எடுத்துரைத்தேன். நடுப்பகலில் பேயா என்று நகைத்தார்கள். கோடை பொய்த்ததால் பிறந்தது அவர்கள் பூதம். எங்கள் முனியை வளர்ப்பதே கோடை என்று விளக்கினேன். அந்த முனியின் பயத்தால் அல்லவோ நாங்கள் வெயிலில் மயங்கி விழாமலும், கிணற்றில் குதிக்காமலும் திண்ணையில் அடங்கிக் கிடந்தோம், தங்கள் பகலுறக்கமும் பங்கமின்றி நடந்தது! திருச்சுழியில் பிறந்த ரமணர் 1896-இல், 16 வயதில், மதுரையில் தனியறையில் படுத்தபடியே மரண பயத்தை வென்றார். அதே மண்ணைச் சேர்ந்த மற்றவர்களுக்கு ஒரு முனி தேவைப்பட்டது.

அந்த முனிக்கு இருப்பிடம் புளியமரமா, பனையா என்றும் விசாரித்தார்கள். இரண்டும் உண்டு என்றேன். கண்மாயெல்லாம் அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தில் மட்டும் எந்தப் பேயும் குடியேறியதாகக் கேள்வியில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த முள்ளுக்குப் பேயும் அஞ்சும் போலும்.

இங்கே சொல்பவனுக்கு இன்னொரு சங்கடம். இம்மாதத்தில் இருட்டுவதற்கே ஏறக்குறையப் பத்து மணியாகிறது. பத்து மணிக்குமேல் குடியிருப்பில் ஓசை கூடாது என்பது விதி. ஆகவே முனியின் அட்டகாசத்தையெல்லாம் நான் காதோடு காதாகவே சொன்னேன். பாதக்குறடு ‘டக் டக்’கென்று நெருங்கி வந்த கட்டத்தில், அகப்பட்ட பையனை அது என்ன செய்தது என்று அடுத்த வீட்டு அம்மாள் கேட்டாள். தாங்கள் அந்த இடத்தில் எப்போதும் குறட்டை விட்டுவிடுவீர்களாதலால், எனக்கு விடை தெரியவில்லை.

தயவுசெய்து மறு தபாலில் முடிவை எழுதவும். முடிவென்று ஒன்று இல்லாவிட்டால், தாங்களே ஒன்று செய்து அனுப்பவும். அதில் கூச்சல் மட்டும் வேண்டாம்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

தங்கள் அன்புள்ள மகன்.