உடையவருக்குக் கம்பெனி பஸ் இல்லை

ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த உடையவர் ராமானுஜர் 120 வருஷம் இருந்தார் என்பது குருபரம்பரைக் கணக்கு. சரித்திரக்காரர்கள் அதில் கொஞ்சம் கழிக்கப் பார்ப்பார்கள். கழித்துக்கொள்ளட்டும். நாற்பதிலேயே ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஃபாக்டரி லைனுக்குத் திரும்புகிற நம் ஆட்களுக்கு, மிச்சமிருக்கும் வயதே பொறாமைப்படப் போதும்.

மனுஷர் என்ன சாப்பிட்டார்? மதுகரம். வீடு வீடாகப் போய் வாங்கும் பிச்சை. இரண்டாம் முறை கேட்க முடியாது, டீ பிரேக்கில் போண்டாவும் கிடையாது. ஒருநாள் அதிலும் விஷம் கலந்தார்கள், தப்பித்தார். கான்டீன் கமிட்டியிடம் புகார் கொடுப்பவர்கள் கவனிக்க.

அடுத்து நடை. மந்திரத்தின் ரகசியப் பொருளைக் கேட்கப் போனவரைத் திருக்கோஷ்டியூர் நம்பி "இன்னொரு நாள் வாரும்" என்று திருப்பித் திருப்பி அனுப்பியதில் மொத்தம் 18 பயணம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வழிக்கே 90 கிலோமீட்டருக்குக் குறையாது. போக வரச் சேர்த்தால் 3,000ஐத் தாண்டுகிறது. எந்த இதய டாக்டரும் இவ்வளவு கறாராக வாக்கிங் எழுதிக் கொடுத்ததில்லை. கடைசியில் ரகசியம் கிடைத்ததே, அப்போதாவது உட்கார்ந்தாரா? கோபுரத்தில் ஏறி ஊருக்கே கூவிச் சொன்னார். லிஃப்ட் கிடையாது. திருமலையை முழங்காலாலேயே ஏறினார் என்கிறார்கள். ஒரு புத்தகத்தைப் பார்க்கக் காஷ்மீர் வரை போனார். சோழ ராஜாவோடு தகராறு வந்தபோது பிரஷரை ஏற்றிக்கொள்ளாமல் மேல்கோட்டைக்கு நடையைக் கட்டினார்.

இந்த நடையின் மகிமையை விஞ்ஞானம் கண்டுபிடிக்க 1953 ஆயிற்று. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்கிற டாக்டர், போக்குவரத்து ஊழியர் சுமார் 31,000 பேரின் கணக்கை எடுத்தார். மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவருக்கு மாரடைப்பு அதிகம். படியேறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டருக்குக் குறைவு. ஒரே பஸ், ஒரே புகை, ஒரே முதலாளி. வித்தியாசம் படிக்கட்டுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நடந்தே பேர் வாங்கியவர் பிறந்த பூமியைத் தேடிப் பிடித்து, நடக்கவே தேவையில்லாதபடி செய்யும் பொருளைத் தயாரித்தார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனி பஸ். அதில் டிரைவர் உண்டு, தூங்குகிற ஐம்பது பேர் உண்டு. மாரிஸ் கணக்கில் தப்பித்த கண்டக்டர் மட்டும் இல்லை, மாடியும் இல்லை.

"நாங்கள் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறோமே" என்பார்கள். நிற்பதே போதுமென்றால் கோயில் தூணுக்குத்தான் உலகிலேயே நல்ல இதயம். போதாக்குறைக்கு நைட் ஷிஃப்ட் வேறு. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயம் 23 சதவீதம் கூடுதல் என்று 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் போட்டது. 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கு. அரசாங்கமும் சும்மா இல்லை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்றது. திருக்கோஷ்டியூர்க் கணக்கை எட்ட அதில் 400 தடவை நடக்கவேண்டும்.

மாரிஸ் கதையில் ஒரு திருப்பம் உண்டு. "குண்டானவன்தான் டிரைவர் வேலைக்கே போகிறானோ என்னவோ" என்று சிலர் மடக்கினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் யூனிஃபார்ம் ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள். 1956இல் முடிவு வந்தது: டிரைவர்களின் பேன்ட் இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரிசுதான். மாரிஸ் அசரவில்லை, தபால்காரரையும் மேஜை குமாஸ்தாவையும் 1953இலேயே ஒப்பிட்டிருந்தார். அங்கேயும் நடந்தவரே ஜெயித்தார். மாரிஸும் 99 வயதுவரை இருந்துவிட்டு 2009இல்தான் போனார்.

ஒரகடத்தில் இதே ஆராய்ச்சியைச் செய்ய லேப் எதுவும் வேண்டாம். ஸ்டோர்ஸில் யூனிஃபார்ம் கொடுப்பவரிடம் கேட்டால், எந்த டிபார்ட்மென்ட் 32இல் சேர்ந்து இப்போது 38 கேட்கிறது என்று ரெஜிஸ்டரைப் பார்க்காமலே சொல்வார்.